வடைச் சட்டியிலிருந்து டீசல் டேங்குக்கு

டின்னை உடைத்து வாணலியில் ஊற்றும்போது பாமாயிலுக்கு இளமஞ்சள் நிறம். முதல் ஈடு வடை பொன்னிறமாக மேலெழுந்து வரும். எண்ணெயின் சிதைவும் அப்போதே தொடங்கிவிடுகிறது. மாவிலுள்ள ஈரமும் காற்றும் ஏறக்குறைய 180 டிகிரி சூட்டில் அதை உடைக்கின்றன. மறுபடி மறுபடி காய்ச்சக் காய்ச்ச நிறம் கறுக்கும், நுரை அடங்காது, புகை சீக்கிரமே கிளம்பும். இப்படி உடைந்து உருவாகிறவற்றை மொத்த துருவச் சேர்மங்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் எதையும் பொரிக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இது.

தாண்டிய எண்ணெய் எங்கே போகும்? சாக்கடையில் கொட்டினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் கொட்டுவதும் இல்லை. பெரிய கடையின் பின்கட்டில் ஆறிக் கிடப்பதை மலிவாக வாங்கிப் போகத் தள்ளுவண்டிக்காரர் இருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புது எண்ணெய் வாங்கினால் அவர் விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அவரிடம் இரண்டு வடையை வாங்கி மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் கூலித்தொழிலாளியின் உடம்பில்தான் அந்தக் கறுப்பு எண்ணெய் போய்ச் சேருகிறது. இது அநியாயம்.

இதற்கு மாற்றுவழியாகத்தான், பொரித்த எண்ணெயை வேறு பயனுக்குத் திருப்பும் 'ரூகோ' திட்டம் 2018 ஆகஸ்டில் வந்தது. பொரிக்க நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் பதிவேடு வைக்க வேண்டும், பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச்சில் நடைமுறையானது. அதே ஆண்டு ஆகஸ்டில், இந்த எண்ணெயிலிருந்து தயாராகும் பயோடீசலை 100 நகரங்களில் வாங்கிக்கொள்ள அரசு எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தன. முதல் ஆண்டு லிட்டருக்கு 51 ரூபாய், அடுத்த ஆண்டு 52.70, மூன்றாம் ஆண்டு 54.50. விதிக்கு உயிர் கொடுப்பது இப்படி ஒரு விலைதான் என்பேன். ஒவ்வொரு அடுப்பின் பக்கத்திலும் அதிகாரி நிற்க முடியாது.

பயோடீசல் ஆலையில் முதலில் பழைய எண்ணெயின் கசடை வடிகட்டி, ஈரத்தை நீக்குகிறார்கள். பிறகு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் கலவை இரண்டாகப் பிரியும்: அடியில் கிளிசரின், மேலே பயோடீசல். கிளிசரினைச் சுத்திகரித்தால் சோப்புக்கு ஆகும். பயோடீசல் டீசலோடு கலக்கப்படும்; 2030-க்குள் 5 சதவீதக் கலப்பு என்பது 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வைத்த இலக்கு.

பதிவேட்டுக்கான அந்த 50 லிட்டர் வரம்புக்குள் தெருமுனை பஜ்ஜிக் கடை வராது. பழைய பேப்பர்காரர் வீட்டு வாசலுக்கு வருவதுபோல, அந்தக் கடைக்கும் வாரம் ஒருமுறை ஆள் வந்து, லிட்டர் கணக்கில் அளந்து, அங்கேயே கையில் காசு கொடுக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரர் கொடுப்பதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக.