உள் உறிஞ்சலுக்குள்ளான பற்களின் வேர்க்குழல் நிரப்பு முறைகள்

பல்லின் உள் உறிஞ்சல் என்பது, வேர்க்குழலைச் சூழ்ந்துள்ள டென்டின் எனும் கடினத் திசு, பற்கூழின் பக்கத்திலிருந்து கரைந்துபோகும் நிலையாகும். பற்சொத்தையைப் போல இது பாக்டீரியாக்களின் அமிலத்தால் நேரடியாக உண்டாவதன்று. உடலின் உயிரணுக்களே திசுவைக் கரைக்கின்றன. பல்லில் அடிபடுதல், பற்கூழின் நாட்பட்ட அழற்சி ஆகியன முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் பெல் 1830இல் இந்நிலையை விவரித்தார்.

பெரும்பாலும் வலி இராது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் வேர்க்குழல் ஓரிடத்தில் முட்டை வடிவில் விரிந்திருப்பது தெரியும். பற்கூழை முற்றிலும் அகற்றினால் உறிஞ்சல் நின்றுவிடும். காலம் தாழ்த்தினால் வேரின் சுவர் துளைபட்டு, பல்லையே இழக்க நேரிடலாம்.

நிரப்புவதிலுள்ள சிக்கல்

இக்குழி, குறுகிய கழுத்துடைய குடுவையை ஒத்தது. சுத்தம் செய்யும் கருவிகள் அதன் ஓரங்களைத் தொடுவதில்லை. எனவே சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசலை மீயொலி அதிர்வுடன் செலுத்திக் கழுவுவர். அடுத்த அமர்வு வரை கால்சியம் ஐதராக்சைடு மருந்தை உள்ளே வைப்பதும் உண்டு.

முறைகளின் ஒப்பீடு

பக்கவாட்டுக் குளிர் அழுத்த முறை: குட்டாபெர்ச்சா குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்படும். நிரப்பும் நீளத்தைக் கட்டுப்படுத்துவது எளிது. ஆயினும் குச்சிகள் குழிக்குள் பரவா. அங்கு அடைப்புப் பசையும் வெற்றிடங்களுமே எஞ்சும்.

செங்குத்துச் சூடழுத்த முறை: அமெரிக்காவின் எர்பர்ட் சில்டர் 1967இல் வெளியிட்டது. சூட்டால் இளகிய குட்டாபெர்ச்சா அழுத்தப்படுவதால் குழிக்குள் பரவுகிறது.

உருக்கிச் செலுத்தும் முறை: சூடான குட்டாபெர்ச்சா ஊசி வழியே செலுத்தப்படும். செயற்கைக் குழிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில், இது குளிர் முறையைவிட நன்கு நிரப்பியது. வேர்நுனியைத் தாண்டி வெளியேறும் அபாயம் உண்டு. ஆதலால் முதலில் நுனிப்பகுதியைத் தனியே அடைத்துவிட்டு, பின்னர் குழியை நிரப்பும் கலப்பு முறை கையாளப்படுகிறது. குட்டாபெர்ச்சா ஆறும்போது சுருங்குவதால், சிறிது சிறிதாகச் செலுத்தி ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும்.

எம்.டி.ஏ. நிரப்பல்: மகமூத் தொராபினெசாத் 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் அறிமுகப்படுத்திய சிமெண்டு. ஈரத்திலும் இறுகும், சுற்றியுள்ள திசுக்களுக்கு ஒவ்வாமை குறைவு. இறுகச் சில மணி நேரம் ஆவதும், பல்லை நிறம் மாற்றக்கூடியதும், மீண்டும் அகற்றக் கடினமானதும் குறைகளாகும். பின்னர் வந்த கால்சியம் சிலிக்கேட்டுச் சிமெண்டுகளுள் சில விரைவில் இறுகுகின்றன.

தேர்வு

வேரின் சுவர் துளைபட்டுள்ளதா என்பதே முதற்கேள்வி. கூம்புக்கற்றைக் கணினி வருடல் இதனை முப்பரிமாணத்தில் காட்டும். துளையில்லையெனில் இளகிய குட்டாபெர்ச்சா பொருத்தமானது. துளையிருப்பின் குட்டாபெர்ச்சா அதன் வழியே வெளியேறலாம் என்பதால் எம்.டி.ஏ. போன்ற சிமெண்டு விரும்பப்படுகிறது. எம்முறையைக் கையாண்டாலும், இழந்த டென்டின் மீள்வதில்லை. மெலிந்த சுவர் முறியும் வாய்ப்பு எஞ்சியிருக்கும். எனவே உறிஞ்சலைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இன்றியமையாததாகும்.