வண்டலூர் ஹெரால்டும் அரை அங்குலத் தகடும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. காலை நடை முடிந்து, காபியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்க்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் பழைய பி.எம்.டபிள்யூ. இசட்4 ஒன்று வாங்கியிருக்கிறான். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தால் தண்ணீர் லாரிக்காரர் இறங்கி வந்து பார்க்கிறார்.

பெட்டிக்குள் நாலு அலுமினிய வட்டங்கள் இருந்தன. நடுவில் ஒரு பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்ன ஓட்டைகள்.

“அங்கிள், நீங்க ரயில்வேல சக்கரம் பாத்தவர்தானே? இது ஸ்பேசர். 20 எம்.எம். சக்கரத்துக்குப் பின்னாடி வச்சா வண்டி அகலமா நிக்கும். ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்.”

கையில் வாங்கிப் பார்த்தேன். வேலைப்பாடு சுத்தமாகத்தான் இருந்தது. “போல்ட் எங்கப்பா?” என்றேன்.

“பழைய போல்ட்டே போதும்னு நெனச்சேன் அங்கிள்.”

எனக்குச் சுரீரென்றது. ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டேன். இந்தத் தகட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது அது ஹெரால்டு காரில் இருந்தது.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஸ்டாண்டர்ட் கம்பெனியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் போகும் வழியில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா அது. வான்கார்டு, ஸ்டாண்டர்ட் டென் என்று வந்து, 1961-இல் ஹெரால்டு வந்தது. கல்கத்தா அம்பாசடர், பம்பாய் ஃபியட், சென்னை ஹெரால்டு. அன்றைய இந்தியக் கார்கள் என்றால் இந்த மூன்றுதான்.

மூன்றில் அழகி ஹெரால்டு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எஞ்சின் 948 சி.சி.தான். பிற்பாடு நம் ஊருக்கென்றே நாலு கதவு வைத்தும் செய்தார்கள்.

ஆனால் வண்டி குறுகல். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 48 அங்குலம், அதாவது 1219 மில்லிமீட்டர். நான் அப்போது தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டர். பீச்–தாம்பரம் மின்சார ரயில் மீட்டர்கேஜில் ஓடிய காலம். அந்தத் தண்டவாள இடைவெளி 1000 மில்லிமீட்டர். ஹெரால்டு அதைவிட ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் அகலம்.

குறுகலைவிடப் பெரிய சிக்கல் பின்சக்கரத்தில் இருந்தது. அம்பாசடரில் இரண்டு பின்சக்கரத்தையும் ஒரே முழு அச்சு பிடித்திருக்கும். ஹெரால்டில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனி அரை அச்சு. கதவு கீலில் ஆடுவதுபோல ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் ஆடும். பள்ளம் மேட்டில் சுகமாகப் போகும். வளைவில் வேகமாகப் போய், பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். பிறகு வண்டி நம் பேச்சைக் கேட்காது.

இது ஹெரால்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் 1960-இல் வந்த செவர்லே கார்வேருக்கும் இதே மாதிரி பின் அச்சுதான். 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதைப் பற்றித்தான். அதே அமெரிக்காவில் 1959-இல் பான்டியாக் கம்பெனி சக்கரங்களைச் சுமார் 5 அங்குலம் அகலமாகத் தள்ளி வைத்து, அந்த அகலத்தையே விளம்பரமாக்கிக் கார் விற்றது. அகலமாக நிற்கும் வண்டி சாயாது, பார்வைக்கும் கம்பீரம் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. அது நம் ஊருக்கு வந்த வழி சோழவரம்.

சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. நானும் என் நண்பனும் தாம்பரத்தில் ரயில் ஏறி, பாரிமுனையில் பஸ் பிடித்து, வெயிலில் வெந்து போய்ச் சேருவோம். வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் கண்முன் சீறிப் போகும். ஆனால் எங்களுக்குப் பிடித்தது ஃபியட்டும் ஹெரால்டும் மோதும் பந்தயம்தான். நம் தெருவில் நிற்கும் வண்டி அல்லவா! பந்தய வண்டிகளின் சக்கரங்கள் மட்கார்டு விளிம்புவரை வெளியே வந்து நிற்பதை நண்பன் கவனித்தான். அது அவன் மனதில் ஒட்டிக்கொண்டது.

1975-இல் அவன் ஒரு பழைய ஹெரால்டு வாங்கினான். ஒரு வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகையில் படத்தைக் காட்டி, ஒரு லேத் பட்டறையில் அரை அங்குலக் கனத்தில் இரண்டு தகடு கடைந்து வாங்கினான். பின்சக்கரத்துக்கு மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் நான்தான் மாட்டிக் கொடுத்தேன்.

கணக்கைச் சொல்கிறேன். ஹெரால்டு சக்கரத்துக்கு நாலு ஸ்டட். ஒவ்வொன்றும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு கனம். அங்குலத்துக்கு 24 மரை. அரை அங்குலத் தகடு உள்ளே நுழைந்தால் 12 மரை போயிற்று. ஸ்டட் எவ்வளவு கனமோ, குறைந்தது அவ்வளவு நீளத்துக்காவது நட் பிடிக்க வேண்டும் என்பது ஃபிட்டருக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரும் பாடம். அப்படியானால் ஒன்பது சுற்று வேண்டும்.

நட்டைக் கையால் திருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அத்தோடு இறுகிவிட்டது.

ஷெட்டில் அப்படி ஒரு நட்டை நான் விட்டிருந்தால் சார்ஜ்மேன் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அது எனக்குத் தெரியும். நண்பன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். வண்டி உண்மையிலேயே அழகாக நின்றது. ஸ்பேனரை வைத்து நன்றாக இறுக்கினேன். எண்ணியதைச் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வாரம் செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். அவன் ஓட்ட, பக்கத்தில் நான். கூடுவாஞ்சேரி தாண்டியதும் பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம். என்ன என்று கேட்பதற்குள் வண்டி இடதுபக்கம் தொப்பென்று உட்கார்ந்தது. இரும்பு தார்ச்சாலையில் உராயும் சத்தம். எங்கள் சக்கரம் எங்களை முந்திக்கொண்டு முன்னால் ஓடுவதைப் பார்த்தேன்.

சாலையோரம் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். சக்கரம் அவர்கள் பக்கம் திரும்பியது. ஒரு சிறுமியின் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைத் தட்டிவிட்டு, புளியமரத்தில் மோதி விழுந்தது. சோறு மண்ணில் கொட்டிக் கிடந்தது. அந்தப் பெண் அழக்கூட இல்லை, தூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில ராத்திரிகளில் யோசிக்கிறேன்.

ஸ்டட் நுனியில் அந்த நாலு மரையும் உரிந்து, பளபளவென்று சுருண்டிருந்தது. “லேத்துக்காரன் ஏமாத்திட்டான்டா” என்றான் நண்பன். நான் வாய் திறக்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. லேத்துக்காரர் சொன்ன அளவுக்குச் சரியாகத்தான் கடைந்து கொடுத்திருந்தார். நட்டை எண்ணியவன் நான்.

இதே குறையைத் தொழிற்சாலைக்காரர்கள் எப்படிச் சரிசெய்தார்கள் என்று பிற்பாடு தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதற்கும் அதே ஆடும் அச்சு, அதே வியாதி. 1970-இல் பின்பக்க வில்லை நடுவில் அசையும்படி மாற்றினார்கள். 1973-இல் பின்பக்க அகலத்தை 2 அங்குலம் கூட்டினார்கள். எப்படி? தகடு வைத்து அல்ல. அரை அச்சையே நீளமாகச் செய்தார்கள். பேரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே போனது. வண்டலூரிலோ, 1970-களில் வந்த கெஸல் காருக்கு ஆடும் அச்சையே விட்டுவிட்டு முழு அச்சு போட்டார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது அதுதான்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பது ஒன்று, கையை நீட்டிப் பிடித்து நடப்பது ஒன்று. எடை அதேதான், தோள்பட்டை வலி வேறு. தகடு சக்கரத்தைப் பேரிங்கிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. அகலம் நமக்குக் கிடைக்கிறது, அதன் விலையை ஸ்டட்டும் பேரிங்கும் கொடுக்கின்றன. ஆகவே எவ்வளவு கனம், எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் தகட்டைத் தொடக்கூடாது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். நாலு சுற்று விஷயத்தையும் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு இருவரும் காருக்குப் போனோம். ஹெரால்டில் ஸ்டட்டும் நட்டும். அவன் காரில் ஹப்புக்குள் நேராகத் திருகும் போல்ட். கனம் 12 மி.மீ., மரைக்கு மரை ஒன்றரை மி.மீ. 20 மி.மீ. தகடு வைத்தால் பதின்மூன்று சுற்று போய்விடும். பழைய போல்ட்டில் பிடிப்பதற்கு அநேகமாக எதுவுமே மிஞ்சாது. தகடு எத்தனை மில்லிமீட்டரோ, போல்ட்டும் அத்தனை மில்லிமீட்டர் நீளம் கூட வேண்டும். போல்ட் தலைக்குக் கீழே இருக்கும் கூம்பும் அசல் போல்ட்டில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும்.

நேர்க்கோல் ஒன்றை மட்கார்டு விளிம்பிலிருந்து கீழே பிடித்து, டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்தோம். பின்னால் 16 மி.மீ. இடம் இருந்தது. ஆள் உட்கார்ந்து, வேகத்தடையில் வண்டி அமுங்கும்போதும் டயர் உரசக்கூடாது அல்லவா? 20 கதைக்கு ஆகாது. பின்சக்கரத்துக்கு 12 போதும், முன்சக்கரத்துக்கு வேண்டாம் என்று முடிவானது. தகட்டின் நடு ஓட்டை ஹப்பின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், தகட்டுக்கும் வெளிப்பக்கம் அதேபோல ஓர் உதடு இருக்க வேண்டும், அதன் மேல் சக்கரம் உட்கார வேண்டும் என்றேன். ஹப்பின் முகத்தில் துரு ஒட்டியிருந்தால் சுரண்டிவிட வேண்டும். இரண்டு தகட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கூடவே கூடாது.

“தெருவில ஓட்டுறதுக்கு இது எதுக்குப்பா?” என்று கடைசியாகக் கேட்டேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. நாளைக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரரும் கேட்பார். “தெருவுக்கு இல்ல அங்கிள், இருங்காட்டுக்கோட்டையில ஓட்டத்தான்” என்றான்.

சோழவரத்துக்குப் பின் 1990-இல் அதே கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே கட்டிய பந்தயத்தடம் அது. அப்படியானால் தகட்டை அங்கே போய் மாட்டு, திரும்பும்போது கழற்றிவிடு என்றேன். 20-ஐத் திருப்பி அனுப்பிவிட்டு, 12-உம் அதற்கேற்ற நீள போல்ட்டும் வாங்கினான்.

போன ஞாயிறு என்னையும் கூட்டிப் போனான். வழியில் வண்டலூர்ப் பக்கம் பார்த்தேன். ஸ்டாண்டர்ட் 2000 காரோடு 1988-இல் தயாரிப்பு நின்றுபோன இடம். இப்போது ஐ.டி. கட்டடங்கள். அங்கே கார் செய்தார்கள் என்றால் தம்பி நம்பவில்லை.

தடத்தின் ஓரத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். முதலில் தகடு இல்லாமல் பழைய போல்ட்டைக் கையால் திருகி எண்ணச் சொன்னேன். பிறகு தகடு வைத்துப் புது போல்ட். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தது. எதிரெதிராக இறுக்கி, டார்க் ஸ்பேனரில் கம்பெனி புத்தகம் சொன்ன 120 நியூட்டன்மீட்டர் வைத்தான். நாலு சுற்று ஓட்டி வந்து, ஆறியதும் மறுபடி சரிபார்த்தோம்.

பத்து போல்ட்டையும் நான்தான் எண்ணினேன். இந்தத் தடவை சத்தமாக.