தில்லைத் திரையும் வடலூர்த் திரைகளும்

தில்லைச் சிற்றம்பலத்தில் கூத்தப்பெருமானுக்கு வலப்பால், புறத்தே கருமையும் அகத்தே செம்மையுமாகிய திரையொன்று தொங்குகின்றது. அதனை விலக்கியவிடத்துத் தோன்றுவது திருவுருவம் அன்று. பொன் வில்வமாலைகள் விளங்கும் வெளியே. ஆகாயமாய் நின்ற இறைவனை அங்ஙனம் காட்டுவதே சிதம்பர இரகசியம்.

1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் மருதூரில் தோன்றிய இராமலிங்க அடிகளை, பெற்றோராகிய இராமையா பிள்ளையும் சின்னம்மையாரும் குடும்பத்தோடு தில்லைக்கு எடுத்துச் சென்றனர். திரை தூக்கியபோது குழந்தை கலகலவென நகைத்தது என்றும், அப்பொழுது அதற்கு அகவை ஐந்து திங்கள் என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். அடிகள் தாமே இந்நிகழ்ச்சியை ஆறாந் திருமுறையில் குறித்துள்ளார். ஆண்டுச் சொல்லியது சிறுபருவம் என்ற அளவே. திங்கட் கணக்கும் இல்லை, நகைத்த செய்தியும் இல்லை. தாய் முதலானோருடன் சென்றதும், திரை தூக்கக் கண்டதும், எல்லாம் தமக்கு வெளியாகக் காட்டப்பெற்றதுமே உள. அத்துணை இளம்பருவத்து நினைவு நிற்குமோ எனின், தாயார் சொல்லக் கேட்டதெனக் கொள்வார் கொள்க. பாடலோ கேட்டதாகக் கூறவில்லை, கண்டதாகவே கூறுகின்றது.

தந்தையார் விரைவில் மறையவே, குடும்பம் பொன்னேரிக்கும் பின்னர்ச் சென்னைக்கும் பெயர்ந்தது. கந்தகோட்டத்தையும் திருவொற்றியூரையும் பாடிய அடிகள், 1858இல் சென்னையை நீங்கித் தில்லையை அடைந்தார். அப்போது அகவை முப்பத்தைந்தளவு. அன்று பிறர் எடுத்துச் செல்லக் கண்ட சந்நிதியை இன்று தாமே நடந்து சென்று கண்டார். அதன்பின் சென்னைக்குத் திரும்பி வாழ்ந்தாரல்லர். கருங்குழியில் ஒன்பதாண்டு தங்கி, அங்கிருந்து தில்லைக்குச் சென்று வழிபட்டு வந்தார்.

1867இல் வடலூரில் தருமசாலை எழுந்தது. 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, சத்திய ஞானசபையில் முதற் சோதி தரிசனம் நிகழ்ந்தது. அவ்விடத்திற்கு அடிகள் இட்ட பெயர் உத்தர ஞான சிதம்பரம். 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற அருட்பாப் பூசலை மனத்திற்கொண்டு, அச்சபையைத் தில்லைக்கு முற்றும் புறம்பானதென எண்ணுவாரும் உளர். அது பொருந்தாது. பெயரே தில்லையை நினைப்பிக்கின்றது. உருவத்தை நிறுவாமல், திரை நீக்கி அப்பாலுள்ளதைக் காட்டும் முறையும் தில்லையின் முறையே. ஆங்குத் திரை ஒன்று. ஈண்டுக் கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு. ஆங்குக் காண்பது வெளி. ஈண்டுக் காண்பது சோதி. மாதப் பூசங்களில் ஆறு திரைகளே நீக்கப்பெறும். ஏழும் நீங்குவது தைப்பூசத்தன்று.