பாலியல் வன்கொடுமைக்குப் பின் உதவி: நெகிரி செம்பிலான் தோட்டங்கள்

மலேசியாவின் சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங்கிலும் நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களிலும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு உதவி கிடைப்பது நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் தயவையே நம்பியிருந்தது.

தோட்டக் காலம். துரை (மேலாளர்), கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்) என்ற அடுக்கில் குற்றம் செய்தவரும் முறையீட்டைக் கேட்பவரும் ஒருவராகவே இருக்கலாம். வேலை, லயத்து வீடு, மருத்துவம் மூன்றும் நிர்வாகத்தின் கையில் இருந்தன. காயத்துக்கு மருந்து போட்ட டிரசரும் (மருத்துவ உதவியாளர்) தோட்டத்துச் சம்பளக்காரர்தான். வெளியே இருந்தவை தொழிலாளர் இலாகாவும், 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டப்படி கோலாலம்பூரில் அமர்ந்த இந்திய அரசின் ஏஜெண்டும். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லாத பால்மரத் தொழிலாளி அங்கே தனியாகச் சென்று முறையிடுவது ஏட்டளவில்தான் சாத்தியம்.

முறையீடு கூட்டாக வெளிவந்தது 1941-இல். ஆர். எச். நாதன் முன்னின்ற, சிலாங்கூர் மாநிலக் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியவற்றுடன், வெள்ளைத் துரைகளும் ‘கறுப்புத் துரை’கள் எனப்பட்ட ஆசிய அலுவலர்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. இதைக் கூலிப் போராட்டமாக மட்டும் எழுதுவது வழக்கம். உண்மையில் இது மானப் போராட்டமும்கூட. வேலைநிறுத்தம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. நாதன் நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். பெண்கள் பற்றிய கோரிக்கை அத்தோடு அமுங்கிப்போனது.

சட்டமும் அமைப்புகளும். 1982-இல் பெண்கள் உதவி அமைப்பு (டபிள்யூ.ஏ.ஓ.) தோன்றியது. பெண்கள் அமைப்புகளின் இயக்கத்தால் 1989-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, வன்புணர்வுக்குக் குறைந்தபட்சம் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தோட்டப் பெண்களைத் தேடிச் சென்றது ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு. மனைவி மீதான வன்புணர்வைச் சட்டம் இன்னும் குற்றமாக ஏற்கவில்லை. குற்றவியல் சட்டத்தில் 2006-இல் சேர்ந்த 375ஏ பிரிவு கணவன் விளைவிக்கும் காயத்தையும் மிரட்டலையும் மட்டுமே தண்டிக்கும் அரைகுறைத் தீர்வு.

மருத்துவமனை. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் ஒரே இட நெருக்கடி மையம் (ஓ.எஸ்.சி.சி.) தொடங்கியது. 1996-இல் சுகாதார அமைச்சு அதை மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கப் பணித்தது. அவசரப் பிரிவுக்கு வரும் பெண்ணைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று சிகிச்சை, தடயச் சேகரிப்பு, ஆலோசனை, போலீஸ் புகார் ஆகியவற்றை அங்கேயே முடித்துக் கொடுப்பது இதன் முறை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே தாமதம் ஆபத்து. பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்தால், 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இன்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகள்) அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்துவிட்டன. இவ்வட்டாரத்தினர் சிரம்பான் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனையையோ 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணையோ நாடுகின்றனர்.