ஓரம் வெட்டும் இயந்திரத்தின் கதை

"கேஸ் எட்ஜர்" என்று கேட்டதும் நம்மில் பலருக்குச் சமையல் சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் பெட்ரோலை கேசொலின் என்பார்கள். அதைச் சுருக்கி "கேஸ்". ஆக, இது பெட்ரோலில் ஓடும் ஓரம் வெட்டும் இயந்திரம். வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை, சிமெண்ட் நடைபாதையைத் தொடும் இடத்தில் நேர்கோடாக வெட்டி விடுவதுதான் இதன் வேலை.

இதற்குப் போய் ஒரு இயந்திரமா என்று தோன்றலாம். இதன் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அதில் ஒரு நெசவாலை, ஒரு நடனப் பள்ளி, ஒரு உண்ணாவிரதம் எல்லாம் வருகின்றன!

துணி ஆலையில் பிறந்த புல்வெட்டி

1830க்கு முன்பு புல்தரை என்பது பணக்காரர்களின் சொத்து. இங்கிலாந்தின் மாளிகைகளில் நீளப் பிடி போட்ட அரிவாளோடு ஆட்கள் வரிசையாக நின்று புல் அறுப்பார்கள். பனி ஈரம் இருந்தால்தான் புல் சீராக அறுபடும் என்பதால் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். ஓரங்களுக்கு அரைவட்ட வடிவில் ஒரு இரும்புத் தகடு. அதைக் காலால் மிதித்து மிதித்து மண்ணோடு வெட்ட வேண்டும். இத்தனை கூலி கொடுக்க முடிந்தவர் மட்டுமே புல்தரை வைத்துக்கொள்ள முடியும்.

இந்த நிலையை மாற்றியவர் எட்வின் பட்டிங். குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்ற ஊர்ப்பக்கம் இருந்தவர். அந்தப் பகுதி கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சுழலும் கத்தியால் சீராக வெட்டும் இயந்திரம் அங்கே ஆலைகளில் இருந்தது. துணியின் பிசிறை வெட்டும் கத்தி புல்லை வெட்டாதா? இதுதான் பட்டிங்குக்கு வந்த யோசனை. 1830 ஆகஸ்ட் 31ல் காப்புரிமை வாங்கினார். ஜான் ஃபெராபீ என்பவர் முதல் போட்டார். 1832ல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது. பட்டிங் 1846லேயே இறந்துவிட்டார். தன் கண்டுபிடிப்பு உலகம் முழுக்கப் பரவியதை அவர் பார்க்கவில்லை.

பிறகு குதிரை இழுத்தது. குளம்பு புல்லில் பதியக்கூடாது என்று குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டினார்கள். 1890களில் நீராவியில் ஓடும் புல்வெட்டியும் வந்தது. 1902ல் ரான்சம்ஸ் பெட்ரோல் எஞ்சின் வைத்த புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஓரம் ஏன் பிரச்சனை ஆனது?

புல்வெட்டிக்கு ஒரு குறை உண்டு. சுவர் ஓரத்திலும் பாதை ஓரத்திலும் அதன் கத்தி சரியாக எட்டாது. ஜான் ஆல்பர்ட் பர் என்ற கறுப்பின அமெரிக்கர் 1899ல் ஒரு புல்வெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். சுவரை ஒட்டி வெட்ட முடிவது அதன் சிறப்பு. அந்தக் காலத்திலேயே ஓரம் ஒரு தலைவலியாக இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தத் தலைவலி கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பரவியது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை லெவிட்டவுன் என்ற குடியிருப்பு கட்டப்பட்டது. 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் புல்தரை. வாரம் ஒரு முறை புல் வெட்ட வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். தொடக்கத்தில் அதே ஒப்பந்தங்களில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது. புல்தரை எப்படி இருக்க வேண்டும் என்பதும், அதன் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதும் ஒரே காகிதத்தில் எழுதப்பட்டன.

இதில் நம்மூர்ச் சம்பந்தம் ஒன்றும் இருக்கிறது. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் "பெர்முடா கிராஸ்" என்று ஒரு புல்லை வளர்க்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான்! "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை. அருகு தரையோடு தரையாகக் கொடி விட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடித்து, சிமெண்ட் பாதை மேலும் ஏறிவிடும். நமக்கு அது வாழ்த்து. அங்கே நடைபாதையை மூடும் தொல்லை. அந்தக் கொடிகளை மண்ணுக்குள் இறங்கி அறுக்க ஒரு கத்தி தேவைப்பட்டது.

எட்ஜர் எப்படி வேலை செய்கிறது?

புல்வெட்டியின் கத்தி தரைக்குப் படுக்கையாகச் சுற்றும். எட்ஜரின் கத்தி செங்குத்தாக நின்று சுற்றும். பாதைக்கும் புல்லுக்கும் நடுவே மண்ணில் ஒரு சிறு பள்ளம் போட்டுக்கொண்டே போகும். சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது ஒரு வகை. அதில் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். நீளக் குழாயின் நுனியில் கத்தி வைத்துக் கையில் பிடித்துக்கொள்வது இன்னொரு வகை. எடை குறைய வேண்டும் என்பதால் அதில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்.

எளிமையான டூ ஸ்ட்ரோக் எஞ்சினை 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் உருவாக்கியவர் ஜோசப் டே. வால்வு கிடையாது, தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பழைய டிவிஎஸ் 50 வைத்திருந்த வீட்டில் கேட்டால் பெட்ரோல் பங்க்கில் 2டி ஆயில் போட்ட கதையைச் சொல்வார்கள். அதே சங்கதிதான். இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகை தள்ளும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்.

பராமரிப்பும் பெரிய வித்தை இல்லை. மண்ணில் ஓடும் இயந்திரம் என்பதால் ஏர் ஃபில்டரை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். கல்லிலும் சிமெண்டிலும் உரசிக் கத்தி தேய்ந்துகொண்டே வரும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். கத்தியில் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். குளிர்காலத்தில் சும்மா நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோல் விடக்கூடாது. 2005க்குப் பிறகு அமெரிக்கச் சட்டப்படி பெட்ரோலில் எத்தனால் கலப்பது கூடியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் கெட்டியாகி கார்புரேட்டரின் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடும். "போன வருஷம் நன்றாக ஓடியது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை" என்று வரும் இயந்திரங்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

பாப்கார்ன் டின்னில் வந்த போட்டி

1971ல் எட்ஜருக்கு ஒரு தம்பி பிறந்தான். ஹூஸ்டன் நகரில் நடனப் பள்ளி நடத்திய ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். சுழலும் நைலான் பிரஷ்கள் காருக்குக் கீறல் விழாமல் சந்து பொந்தெல்லாம் சுத்தம் செய்வதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு பாப்கார்ன் டின்னில் ஓட்டை போட்டார், மீன்பிடி நரம்பைக் கோர்த்தார், எட்ஜரில் கத்தி இருந்த இடத்தில் மாட்டினார். மரத்தைக் காயப்படுத்தாமல் அதைச் சுற்றியிருந்த புல் மட்டும் அறுந்தது. "வீட் ஈட்டர்" பிறந்த கதை இது.

அவர் அணுகிய நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. தானே தயாரித்து விற்றார். முதல் வருட விற்பனை 5 லட்சம் டாலருக்கு மேல். 1977ல் அது சுமார் 8 கோடி டாலராக வளர்ந்திருந்தபோது எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். பாலஸ் 2011ல் காலமானார். ஆனாலும் எட்ஜர் ஒழியவில்லை. நரம்பு புல்லை அறுக்கும், மண்ணில் இறங்கி நேர்க்கோடு போடுவதற்குக் கத்தியே வேண்டும்.

இயந்திரத்தைப் பிடிக்கும் கை யாருடையது?

கண்டுபிடித்தவர்கள் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பிடித்து வேலை செய்தவர்கள் பெயர் இல்லை. தெற்கு கலிபோர்னியாவில் பல காலம் இந்த வேலை ஜப்பானிய அமெரிக்கர்கள் கையில் இருந்தது. போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்டு, வீடும் கடையும் இழந்து திரும்பியவர்களில் பலருக்குத் தோட்ட வேலைதான் சோறு போட்டது. 1955ல் அவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பும் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள்.

இயந்திரம் வந்ததும் ஒரு ஆள் ஒரு நாளில் பார்க்கக்கூடிய வீடுகள் கூடின. அதோடு வீட்டுக்காரர் கொடுக்கும் கூலியும் அந்த வேகத்துக்கு ஏற்பத்தான் அமைந்தது. அதனால்தான் 1998ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி குடியிருப்புகளுக்கு அருகில் பெட்ரோல் லீஃப் புளோவருக்குத் தடை விதித்தபோது தோட்டக்காரர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவருக்கு அது சத்தம். வெளியே இருந்தவருக்கு அது சம்பளம்.

தடை கேட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றும் எரிபொருளில் கணிசமான பகுதி எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். பெட்ரோல் லீஃப் புளோவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் மாசு, 2017 மாடல் டொயோட்டா கேம்ரியை சுமார் 1,100 மைல் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிபோர்னியா காற்று வாரியம் கணக்குச் சொன்னது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது யார்? இயந்திரத்தைத் தோளில் மாட்டியிருக்கும் அதே தோட்டக்காரர்தான்.

2021ல் கலிபோர்னியா இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த விதிகள், 2024 மாடலில் தொடங்கி இப்படிப்பட்ட சிறு எஞ்சின்களில் பெரும்பாலானவை புகையே விடக்கூடாது என்றன. ஏற்கெனவே கையில் இருப்பதை ஓட்டத் தடை இல்லை. சிறு தொழில் செய்பவர்கள் பேட்டரி இயந்திரத்துக்கு மாற 3 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நாள் முழுக்க வேலை செய்ய எத்தனை பேட்டரி வேண்டும், அதற்கான முதலுக்கு எங்கே போவது என்பது தோட்டக்காரர்களின் கேள்வி.

அரிவாள் போய் உருளை வந்தது, உருளை போய் எஞ்சின் வந்தது, எஞ்சின் போய் பேட்டரி வருகிறது. ஒவ்வொரு முறையும் லாபம் யாருக்கு, செலவு யார் தலையில் என்ற கணக்கு மட்டும் புதிதாகப் போடப்படுகிறது. அடுத்த முறை ஏதாவது படத்தில் அமெரிக்க வீட்டு வாசலில் அந்த நேரான பச்சைக் கோட்டைப் பார்த்தால், அதைப் போட்ட ஆளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.