லிப்ரே ஆஃபிஸ் கோப்புறைகளுக்குள் ஒரு வரலாறு

லினக்ஸில் லிப்ரே ஆஃபிஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைப் பாருங்கள். ‘லிப்ரே’ என்று எதுவும் கண்ணில் படாது. ‘எஸ்ஆஃபிஸ்.பின்’ என்று ஒன்று இருக்கும். லிப்ரே ஆஃபிஸ் அதுதான். அந்த ‘எஸ்’ எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1985-ல் ஜெர்மனியின் லூனபுர்க் நகரத்தில் போய் நிற்போம்.

அங்கேதான் மார்க்கோ பொரீஸ் என்ற பதின்ம வயதுப் பையன் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் சரக்கு ஸ்டார்ரைட்டர், ஒரு சொற்செயலி. பிறகு கணக்குத்தாள், வரைபடம் எல்லாம் சேர்ந்து ஸ்டார் ஆஃபிஸ் ஆயிற்று. 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இந்த நிறுவனத்தை வாங்கியது. 2000 அக்டோபர் 13 அன்று மூலநிரலை ஓப்பன் ஆஃபிஸ் என்ற பெயரில் உலகத்துக்குத் திறந்துவிட்டது.

திறந்தாச்சு, சரி. உள்ளே போனவர்கள் என்ன பார்த்தார்கள்?

பல பத்து லட்சம் வரிகள். அவற்றைப் பிரித்து வைத்த கோப்புறைகளுக்கு ‘எஸ்டபிள்யூ’, ‘எஸ்சி’, ‘எஸ்டி’, ‘விசிஎல்’, ‘எஸ்ஏஎல்’ என்று இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்கள். விளக்கம் தெரிந்தால் எளிதுதான். எஸ்டபிள்யூ என்றால் ஸ்டார்ரைட்டர், எஸ்சி என்றால் ஸ்டார்கால்க், எஸ்டி என்றால் ஸ்டார்டிரா. இதில் எஸ்டி-க்குள் டிரா மட்டுமில்லை, இம்ப்ரெஸ்ஸும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. எஸ்ஏஎல் என்பது விண்டோஸ், லினக்ஸ் வேறுபாடுகளை மறைக்கும் அடித்தளம். விசிஎல் என்பது பொத்தான், பட்டியல், சாளரம் எல்லாம் வரையும் பகுதி. ஆனால் ஹாம்பர்க் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இது சொல்லாமலே தெரியும்.

கோப்புப் பெயர்களும் அப்படித்தான். டாஸ் காலத்தில் ஒரு கோப்புப் பெயருக்கு எட்டெழுத்து, ஒட்டுக்கு மூன்றெழுத்து, அவ்வளவுதான் இடம். அந்தக் காலத்துப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ரைட்டருக்குள் ‘கர்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் உயிரெழுத்துகளையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு கோப்புறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் ‘க்ர்ஸ்ர்’. வாயில் நுழையுதா பாருங்க! அதற்குள்ளே ‘பாம்’ என்று ஒரு கோப்பு. ‘பாயிண்ட் அண்ட் மார்க்’ என்பதன் சுருக்கம். நீங்கள் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கமும் முடிவும் எங்கே என்று நினைவில் வைப்பது அதன் வேலை. இதற்கெல்லாம் மேலே, நிரலுக்கு நடுவே எழுதியிருந்த குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மன் மொழியில்.

உரிமம் பூட்டைத் திறந்துவிட்டது. ஆனால் வீட்டுக்குள் எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது பழைய குடித்தனக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அதனால் வெளியாள் ஒருவர் சின்னப் பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் நாட்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று தன்னார்வலர்கள் பிரிந்து வந்து லிப்ரே ஆஃபிஸை அறிவித்தார்கள். இப்போது கேள்வி கழுத்துக்கு வந்துவிட்டது. சன்னைப் போலத் திட்டம் முழுவதையும் தாங்கும் ஒரே பெரிய நிறுவனம் பின்னால் இல்லை. புதியவர்கள் உள்ளே வந்து வழி கண்டுபிடித்தால்தான் திட்டம் பிழைக்கும்.

அவர்கள் செய்த வேலைகளில் பாதி, வெளியே விளம்பரப்படுத்த முடியாத வேலைகள். ஜெர்மன் குறிப்புகளைத் தேடித் தரும் ஒரு சிறு நிரலை எழுதிவைத்து, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். தனித்தனியாகச் சிதறிக்கிடந்த கிட் களஞ்சியங்களை ஒன்றாக்கினார்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் ஒளிந்திருந்த பொதுத் தலைப்புக் கோப்புகளை ‘இன்க்ளூட்’ என்ற ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கோப்புறைக்கும் ‘ரீட்மீ’ ஒன்று, “இது இன்ன வேலைக்கு” என்று சில வரிகளில்.

அப்படியென்றால் ஏன் எஸ்டபிள்யூ-வை ‘ரைட்டர்’ என்று மாற்றவில்லை? மாற்றலாம்தான். ஆனால் ஒரு வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பது சிரமமாகிவிடும். பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களை எடுத்துப்போவதும் சிக்கலாகும். சில பெயர்களோ வெளியுலகத்தோடும் கட்டுண்டவை. லிப்ரே ஆஃபிஸுக்கு மேக்ரோ எழுதியவர்களுக்குத் தெரியும், இடைமுகப் பெயர்கள் ‘காம்.சன்.ஸ்டார்’ என்றே தொடங்கும். சன்னும் இல்லை, ஸ்டாரும் இல்லை. இரண்டின் பெயரும் எங்கெங்கோ யாரோ எழுதிய மேக்ரோக்களில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டால் அவையெல்லாம் ஓடாது.

பெயர் மட்டுமல்ல, எல்லைக்கோடும் மிஞ்சுகிறது. 1968-ல் மெல்வின் கான்வே சொன்னார்: ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அந்த வடிவத்தில்தான் அவர்கள் கட்டும் அமைப்பும் இருக்கும். ஸ்டார்ரைட்டர் முதலில் தனி நிரலாகப் பிறந்தது. அதனாலோ என்னவோ, இன்றும் ரைட்டரில் எழுத்தை அடுக்கும் பொறி வேறு; கால்க் கட்டத்திலும் இம்ப்ரெஸ் பெட்டியிலும் எழுத்தை அடுக்கும் பொறி வேறு. “அங்கே வருது, இங்கே ஏன் வரலை?” என்று பயனர்கள் எரிச்சல்படும் சில விஷயங்களின் வேர் இந்தக் கோப்புறைப் பிரிவில் இருக்கிறது.

தமிழாக்கம் இருக்கும் இடத்திலும் இதே வரைபடம்தான். மொழிபெயர்ப்புகளுக்கான தனிப் பகுதியில் தமிழுக்கு ‘டிஏ’ என்று ஒரு கோப்புறை உண்டு. அதைத் திறந்தால் உள்ளே மறுபடி எஸ்டபிள்யூ, எஸ்சி, எஸ்டி. ரைட்டரின் ஒரு பட்டியலில் வரும் சொல்லைத் தமிழில் மாற்ற நினைக்கும் ஒருவர், லூனபுர்க்கில் பிறந்த ஒரு சொற்செயலியின் பெயர்ச்சுருக்கம் வழியாகத்தான் போக வேண்டும்.

கோப்புறைக்குப் பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பெயர், வைத்தவரும் அவர் வேலை பார்த்த நிறுவனமும் போன பிறகும், அடுத்து வருகிற ஆளுக்கு வழி காட்டிக்கொண்டோ வழி மறைத்துக்கொண்டோ இருக்கும். நீங்கள் எழுதும் நிரலை ஒருநாள் திறந்து வைக்கும் எண்ணமிருந்தால், உரிமக் கோப்போடு சேர்த்து நாலு வரி ரீட்மீயும் எழுதி வையுங்கள்.