அப்பா துபாயில், அம்மா மடத்துக்குளத்தில்... குழந்தையின் ‘சர்நேம்’ யார் பேர்?

நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு சர்நேமே கிடையாது. பேருக்கு முன்னாடி ஒரு இனிஷியல், அவ்வளவுதான். பள்ளிக்கூட அட்டெண்டன்ஸில் தொடங்கி பேங்க் பாஸ்புக் வரை அந்த ஒத்தை எழுத்தை வைத்தே வாழ்க்கை ஓடிவிடும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கும். அங்கே இனிஷியலை விரித்து எழுதணும். ‘சர்நேம்’ என்று தனியாக ஒரு கட்டமும் இருக்கும். அதைக் காலியாக விடலாம். ஆனால், 2022 நவம்பரில் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தாலும், எதற்கு வம்பு என்று பலரும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறார்கள்.

வடநாட்டில் சர்நேம் என்பது குடும்பத்தின் பெயர். நம்ம குழந்தையின் பாஸ்போர்ட்டில் அது ஒரு மனிதரின் சொந்தப் பெயர். அந்த மனிதரும் நீங்களும் பிரிந்துவிட்டால்?

அவர் துபாயில் இருக்கிறார். நீங்கள் மடத்துக்குளத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, உடுமலைப் பக்கம் மில்லுக்கு வேலைக்குப் போகிறீர்கள். போன் எடுப்பதில்லை, பணம் வருவதில்லை. குழந்தையோ தினமும் அவர் பெயரைச் சேர்த்து எழுதுகிறது. இதை மாற்ற முடியுமா? முடியும். ஆனால், எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதுதான் விஷயமே.

முதலில், அம்மாவுக்கு அந்த உரிமை இருக்கிறதா என்ற கேள்வி. ‘அப்பாவுக்குப் பிறகுதான் அம்மா இயற்கைப் பாதுகாவலர்’ என்கிறது 1956-ம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் (நம்ம கோவையில் பிறந்தவர்தான்) மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ‘பிறகு’ என்றால் அப்பா இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை. அவர் குழந்தையைக் கவனிக்காத நிலையிலும் அம்மா பாதுகாவலர்தான் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு திரும்பிப் பார்க்காத அப்பாக்கள் விஷயத்தில் இன்றைக்கும் கைகொடுக்கும் தீர்ப்பு இது.

சர்நேம் பற்றியே நேரடியாக வந்த தீர்ப்பு 2022 ஜூலை 28-ம் தேதியினுடையது. ஆந்திராவைச் சேர்ந்த ஒரு பெண், கணவர் இறந்த பிறகு மறுமணம் செய்து, குழந்தைக்கும் புதுக் கணவரின் சர்நேமை வைத்தார். பழைய சர்நேமையே திரும்ப வைக்கணும், ஆவணங்களில் புதுக் கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிப்பிடணும் என்றது உயர் நீதிமன்றம். அந்த உத்தரவு குழந்தையின் மனதை யோசிக்காத, கிட்டத்தட்ட கொடூரமான ஒன்று என்று சொல்லி ரத்து செய்தது உச்ச நீதிமன்றம். ஒரே இயற்கைப் பாதுகாவலரான அம்மாவுக்குக் குழந்தையின் சர்நேமை முடிவுசெய்யும் உரிமை உண்டு என்றும் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு அப்பா போனார். மகள் அம்மாவின் சர்நேமைப் பயன்படுத்துகிறாள், தன்னுடையதாக மாற்ற உத்தரவிடுங்கள் என்று கேட்டார். மகள் அப்பாவுக்குச் சொந்தமான பொருள் இல்லை என்ற பொருளில் நீதிபதி ரேகா பள்ளி கேள்வி கேட்டு மனுவைத் தள்ளினார்.

இதைப் படித்துவிட்டு உடனே ஆன்லைன் சென்டருக்குக் கிளம்பாதீர்கள். ஆந்திர வழக்கில் அப்பா உயிரோடு இல்லை. உங்கள் விஷயத்தில் அவர் இருக்கிறார், கடல் தாண்டி இருக்கிறார் என்பது மட்டும்தான். அதனால், வழி இரண்டாகப் பிரிகிறது.

அவர் சம்மதித்தால் வேலை சுலபம். ஆனால் வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று வந்த மெசேஜும் தம்ஸ் அப்பும் எந்த ஆபீஸிலும் செல்லாது. அவர் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்திலோ, துணைத் தூதரகத்திலோ சான்று பெற்ற சம்மதப் பத்திரம் வேண்டும். பரஸ்பர விவாகரத்து மனு போடப் போகிறீர்களா? அதிலேயே குழந்தையின் பெயர், பாஸ்போர்ட் இரண்டையும் தனித்தனி ஷரத்தாக எழுதச் சொல்லுங்கள். நகை, பாத்திரம், ஜீவனாம்சம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த இரண்டு வரியை விட்டுவிடுகிறார்கள்.

சம்மதிக்கவில்லை, அல்லது பதிலே இல்லை என்றால் கோர்ட்தான். இங்கே ஒரு நல்ல செய்தி. 1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில் மனு போடலாம். குழந்தை மடத்துக்குளத்தில் உங்களோடு இருந்தால், திருப்பூர் மாவட்டத்திலேயே வழக்கை நடத்தலாம். நீங்கள் துபாய்க்கு அலைய வேண்டியதில்லை. அவருக்கு சம்மன் அனுப்புவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே இதற்கென்று 1999-லேயே ஒப்பந்தம் இருக்கிறது. ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு அந்த வழி. அவருடைய இப்போதைய முகவரி, கம்பெனி பெயர், விசா நகல் என்று கையில் கிடைப்பதை எல்லாம் எடுத்துவையுங்கள். மனுவில் ‘கஸ்டடி வேண்டும்’ என்று மட்டும் கேட்காமல், அப்பாவின் கையெழுத்து இல்லாமலே பெயர் மாற்றவும் பாஸ்போர்ட் எடுக்கவும் அனுமதி வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். குழந்தை விவரம் தெரிந்த வயதில் இருந்தால், அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

குழந்தை வெளிநாட்டிலேயே பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கே அந்த நாட்டுச் சட்டம்தான். பிரிட்டனில், குழந்தை யாருடன் வாழணும் என்று கோர்ட் உத்தரவு இருக்கும்போது, பெற்றோர் பொறுப்பு உள்ள எல்லோரின் எழுத்துபூர்வ சம்மதமோ, கோர்ட் அனுமதியோ இல்லாமல் சர்நேமை மாற்றவே முடியாது.

கையில் சம்மதமோ உத்தரவோ வந்த பிறகு அரசிதழ். தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் விண்ணப்பிக்கணும். மைனர் என்பதால் பாதுகாவலரான நீங்கள் கையெழுத்து போடுவீர்கள். அரசிதழ் வெளியானதும் சில பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள். ஆதார், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் மூன்றும் இதைத்தான் கேட்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால், எழுத்துப்பிழை இல்லாமல் ஒரே தடவையில் முடியுங்கள். பள்ளி ஆவணத்தைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால் மாற்றிவிடணும். மார்க் ஷீட் அச்சாகிவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

பிறப்புச் சான்றிதழை நினைத்துப் பலரும் பயப்படுகிறார்கள். உங்களுடையதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம்ம ஊர்ச் சான்றிதழ்களில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் மட்டும் தனியாக இருக்கும். அப்பா பெயர், அம்மா பெயர் வேறு வேறு கட்டத்தில் இருக்கும். அப்படியென்றால், அதில் மாற்றவே ஒன்றுமில்லை. இனிஷியலை அம்மா பெயரில் இருந்து எடுத்துக்கொள்ளவும் இங்கே தடையில்லை.

கடைசியாக பாஸ்போர்ட். திருப்பூர் மாவட்டத்துக்கு கோவை மண்டல அலுவலகம். ஒரு பெற்றோரின் சம்மதம் இல்லாதபோது கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவம் ‘அனெக்ஸர் சி’. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்திய பிறகு, அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

இன்னொரு பயம், வீட்டுப் பெரியவர்கள் கிளப்புவது: “பேரை மாத்திட்டா அப்பன் சொத்து போயிடுமே கண்ணு!” போகாது. பெயர் மாறுவதால் பிள்ளை என்ற உறவு சட்டத்தில் மாறுவதில்லை. வாரிசுரிமை அப்படியே இருக்கும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவின்கீழ் ஜீவனாம்சமும் கேட்கலாம். மறுமணத்துக்குப் பிறகு புதுக் கணவர் குழந்தையை முறைப்படி தத்தெடுத்தால்தான் பழைய உறவு அறுபடும். அதற்குப் பொதுவாகப் பெற்ற அப்பாவின் சம்மதமும் வேண்டும். எனவே, ‘பெயர் மாத்தணும்’ என்று போன இடத்தில் யாராவது தத்துப் பத்திரத்தை நீட்டினால், கையெழுத்து போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும். அழைக்க வேண்டிய எண் 15100.